பதினேழாவது நிபந்தனை!

கே.கே. நகர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை. நண்பர் முகத்தில் ஈயாடவில்லை. பைக் கடனைக் கடைசித் தவணை வரைக்கும் கட்டியாச்சு. ஆனால், ‘இன்னும் பதினோராயிரம் பாக்கி’ என்று என்.ஓ.சி. தர மறுக்கிறதாம் ஃபைனான்ஸ் கம்பெனி.

‘‘கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதானே சார்?’’

‘‘போக முடியாதாமே... பதினேழாவது நிபந்தனையைப் படிச்சுப் பாருங்கறான். தகராறு வந்தா, அவங்க நியமிக்கிற ஆர்பிட்ரேட்டர்கிட்டதான் போகணுமாம். அதுவும் மும்பையில! பதினோராயிரத்துக்காக மும்பைக்கும் திருச்சிக்கும் அலைய முடியுமா?’’

கையெழுத்துப் போட்டது அவரேதான். படித்தாரா? அன்றைக்கு ஷோரூமில் அவர் கண் முழுக்க வண்டியின் கலர் மேல்! காகிதத்திலோ எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. சண்டைக்காரரே பஞ்சாயத்துத் தலைவரையும் பிடித்துக்கொண்டு வருகிற ஏற்பாடு அதற்குள் ஒளிந்திருந்தது.

நண்பரே, பயப்படாதீர்கள். சட்டம் உங்கள் பக்கம்!

1986-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு, ‘இது மற்ற சட்டங்களோடு கூடுதலாகக் கிடைக்கும் வழி’ என்றது. இப்போதைய 2019 சட்டத்தில் அதுவே 100-வது பிரிவு. இதற்கு நம்ம தமிழ்நாட்டு வழக்கே சாட்சி. திருமுருகன் கூட்டுறவு வேளாண் கடன் சங்கத்தின் மீது உறுப்பினர்கள் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார்கள். ‘கூட்டுறவுச் சட்டத்தில் தனிப் பஞ்சாயத்து இருக்கிறதே’ என்றது சங்கம். ‘இருந்தால் இருக்கட்டும், நுகர்வோர் மன்றத்தின் கதவை அது சாத்தாது’ என்று 2003 டிசம்பரில் முடிவு சொன்னது சுப்ரீம் கோர்ட்.

2015-ல் நடுவர் சட்டத்தின் 8-வது பிரிவைத் திருத்தினார்கள். ‘இனி எல்லாமே ஆர்பிட்ரேஷன்தான்’ என்று கம்பெனிகள் கிளம்பின. எமார் எம்ஜிஎஃப் கட்டுமான நிறுவன வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-ல் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2018 டிசம்பர் 10-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2023 அக்டோபரில் இன்னொரு வழக்கில், நுகர்வோரும் மனசார சம்மதித்தால்தான் ஆர்பிட்ரேஷன் என்று சொல்லிவிட்டது.

அமெரிக்காக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. டிஸ்னி வளாகத்து ஹோட்டலில் சாப்பிட்ட மனைவி அலர்ஜியால் இறந்ததாகக் கணவர் வழக்குப் போட்டார். ‘2019-ல் எங்கள் டி.வி. சேவைக்கு ஒரு மாதம் பதிவு செய்தீர்களே... அதில் ஆர்பிட்ரேஷன் நிபந்தனை இருக்கிறது’ என்றது டிஸ்னி! ஊரே கண்டித்த பிறகு, 2024 ஆகஸ்ட்டில்தான் அந்த வாதத்தைக் கைவிட்டது.

சரி, நண்பர் என்ன செய்யணும்?

மும்பை வேண்டாம். குடியிருக்கிற ஊரிலேயே, அதாவது திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ஆனால், 2 வருஷத்துக்குள் போயாகணும். லாபத்துக்காக வியாபாரத்துக்கு வாங்கியதென்றால் இந்த வழி பொதுவாகக் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை: கம்பெனியே ஆர்பிட்ரேட்டரைப் போட்டு நோட்டீஸ் அனுப்பினால், சுருட்டிக் குப்பையில் வீசிவிடாதீர்கள். நீங்கள் போகாவிட்டாலும் தீர்ப்பு வந்துவிடும். அதைக் கோர்ட் டிக்ரி போலவே நிறைவேற்றுவார்கள். உடனே எழுத்து மூலம் ஆட்சேபியுங்கள். வழக்கின் முடிவில் ஆதாயம் உள்ளவரே தனி நடுவரை நியமிக்கக் கூடாது என்று 2019-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. தீர்ப்பே வந்துவிட்டால், அதை எதிர்க்க 3 மாதம்தான் கெடு. காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அவ்வளவுதான்!

நண்பர் புகாரை எழுதி அனுப்பிவிட்டார். முகம் தெளிந்துவிட்டது. நேற்று டீக்கடை மாஸ்டர் கணக்கு நோட்டை நீட்டி, ‘‘மாசக் கணக்கு... ஒரு கையெழுத்துப் போடுங்க சார்’’ என்றார்.

நண்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார்: ‘‘பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கா?’’