கையை விட்டாலும் விழாத இன்ஜின்

எழுபத்தைந்து கிலோ எடையை ஒரே நொடியில் ஒரு மீட்டர் தூக்கினால் அது ஒரு குதிரைத்திறன். மெட்ரிக் முறையில் குதிரைத்திறனுக்கு இதுதான் வரையறை. பழைய அம்பாசிடர் காரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு ஏறக்குறைய 50 குதிரைத்திறன். அதன் எடை 150 கிலோ அளவில் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், தன் எடையைத் தானே நொடிக்கு 25 மீட்டர் உயரம் ஏற்றிச்செல்லும் வலு அந்த இரும்புக்குள் இருக்கிறது. ஆனால் பிஸ்டன் ரிங் தேய்ந்து, எண்ணெய் எரிந்து, சைலன்சரில் நீலப்புகை வர ஆரம்பித்து, ‘இன்ஜினை இறக்கித்தான் ஆகணும்’ என்று மெக்கானிக் சொல்லிவிட்டால், அதே இன்ஜினை வேப்பமரத்தடியில் ஓர் ஆள் சங்கிலி இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

மதுரையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், மேலூர் வட்டாரத்தில் இருக்கிறது திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட அமைச்சரின் கதையும், நரி பரியான கதையும் இந்த மண்ணோடு ஒட்டியவை. குதிரைகள் பானட்டுக்குள் அடங்கிவிட்ட காலத்திலும், அவற்றை வெளியே எடுக்கும் கருவி இங்கே யாருக்கும் புதிதல்ல. போர்வெல்லில் மோட்டார் பழுதானால் மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாக நிறுத்தி, உச்சியில் செயின் பிளாக் மாட்டி, பைப்பைத் துண்டு துண்டாக மேலே எடுப்பதை ஊர்ப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்திருப்பார்கள். கார் இன்ஜினுக்கும் அதே முக்காலி, அதே செயின் பிளாக்தான்.

அதற்கும் முன்னால் மதுரைச் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கமலை இருந்தது. வடத்தின் ஒரு முனையில் தோல் சால், மறுமுனையில் மாடுகள், நடுவே ஓர் உருளை. அந்த உருளை சுமையைக் குறைக்கவில்லை. மேலே இழுக்க வேண்டிய விசையைப் பக்கவாட்டுக்குத் திருப்பிவிட்டது, அவ்வளவுதான். சாலில் 100 கிலோ நீர் இருந்தால் மாடுகளும் 100 கிலோ விசையோடுதான் இழுத்தாக வேண்டும். அதனால்தான் கமலைத் தடத்தைச் சரிவாக வெட்டினார்கள். மாடுகள் கீழ்நோக்கி நடக்கும்போது அவற்றின் உடல் எடையும் இழுவையோடு சேர்ந்துகொள்ளும். அதை யோசித்து வெட்டியவர்கள் இயந்திரவியல் அறிந்தவர்கள் என்றே நான் சொல்வேன்.

மனிதனிடம் மாட்டின் எடை கிடையாது. அவனுக்கு வேறொரு வழி வேண்டும்.

150 கிலோ இன்ஜினை முக்கால் மீட்டர் உயர்த்த எவ்வளவு ஆற்றல் செலவாகும்? ஏறக்குறைய 1100 ஜூல். உணவுக் கணக்கில் இது கால் கிலோகலோரிதான். ஒரு நிலக்கடலைப் பருப்பில் இதைப்போல் பல மடங்கு இருக்கிறது. நம் தசைகள் உணவின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக இழந்துவிடும் என்பதைக் கணக்கில் சேர்த்தாலும், ஒரே ஒரு கடலை இன்ஜினைத் தூக்கப் போதும்! அப்படியானால் நாலு பேர் சேர்ந்து தூக்கினாலும் முதுகு பிடித்துக்கொள்வது ஏன்? நமக்குப் பற்றாமல் போவது ஆற்றல் அல்ல, விசை. ஒரே பிடியில் 150 கிலோ விசையைக் கொடுக்க உடம்பால் முடியாது. ஐந்து கிலோ விசையை நெடுநேரம் கொடுக்க முடியும்.

செயின் பிளாக் செய்யும் பேரம் இதுதான்: தூரத்தைக் கொடு, விசையை வாங்கிக்கொள். ஒரு டன் செயின் பிளாக்கில் முழுச் சுமையைத் தூக்க, கைச்சங்கிலியில் 30 கிலோ அளவுக்கு இழுத்தால் போதும். ஆனால் சுமை ஒரு மீட்டர் ஏற, கைச்சங்கிலி 33 மீட்டருக்கு மேல் ஓடியாக வேண்டும். உராய்வு தின்பதையும் சேர்த்தால் நாற்பது என்று வைத்துக்கொள்ளலாம். நம் இன்ஜினுக்கு இழுவிசை ஐந்து கிலோவுக்குள் அடங்கிவிடும், சங்கிலி முப்பது மீட்டர் ஓடும். ஒரு வாளி தண்ணீரைச் சேந்தும் விசையைவிடக் குறைவாக இழுத்து ஒரு கார் இன்ஜினை அந்தரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

இதைவிட எனக்கு வியப்பாக இருப்பது இன்னொன்று. பாதியில் கையை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனாலும் இன்ஜின் கீழே வருவதில்லை. தூக்குவதற்கு ஆள் வேண்டும், தாங்கி நிற்பதற்கு வேண்டாம். இது எப்படி?

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் டாமஸ் ஆல்ட்ரிட்ஜ் வெஸ்டன் என்பவர் ஒரு கப்பியை அமைத்தார். மேலே சற்றே அளவு மாறுபட்ட இரண்டு சக்கரங்கள், ஒன்றோடொன்று சேர்த்துப் பொருத்தப்பட்டவை. பெரியதில் சங்கிலி அமரும் பள்ளங்கள் பத்து, சிறியதில் ஒன்பது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்குப் பெரிய சக்கரம் பத்துக் கண்ணிகளை மேலே இழுக்கும், சிறியது ஒன்பதைக் கீழே விடும். மிச்சம் ஒரு கண்ணி. அந்த மிச்சத்திலும் பாதியளவுதான் சுமை ஏறும், ஏனென்றால் சுமையைத் தாங்கும் கீழ்க்கப்பி சங்கிலியின் இரண்டு இழைகளில் தொங்குகிறது. கை பத்துக் கண்ணி இழுக்க, சுமை அரைக் கண்ணி ஏறுகிறது. இருபது மடங்கு லாபம்!

இந்தக் கப்பியில் உராய்வு மிக அதிகம். இழுப்பவரின் உழைப்பில் பாதிக்குமேல் அதற்கே போய்விடும். பொறியாளர்கள் இதைக் குறை என்று ஒதுக்கவில்லை, ஏனென்றால் இயந்திரவியலில் அழகான ஒரு விதி இருக்கிறது: உழைப்பில் பாதிக்குமேல் உராய்வு விழுங்கும் தூக்கி, தானாகப் பின்னோக்கி ஓடாது. ஏற்றும்போது நம்மை எதிர்த்த உராய்வு, இறங்கப் பார்க்கும் சுமையையும் எதிர்க்கிறது. அதை வெல்லும் வலு சுமைக்கு இல்லை. எனவே அது நின்ற இடத்திலேயே நிற்கும்.

இன்றைய செயின் பிளாக்கின் வயிற்றில் நல்ல பல்சக்கரங்கள் இருக்கின்றன, உராய்வு குறைவு. விட்டால் இன்ஜின் சரசரவென்று இறங்கிவிடும். அதைத் தடுப்பது வெஸ்டன் பெயரையே தாங்கிய ஒரு பிரேக். கைச்சங்கிலி ஓடும் சக்கரம், நட்டு போல்ட்டில் ஏறுவதுபோல, மறையிட்ட ஒரு தண்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் தண்டோடு சேர்ந்த தட்டுக்கும் நடுவே இரண்டு உராய்வு வட்டுகள், அவற்றின் இடையில் ஒரு பல்வட்டு. பல்வட்டின் பற்களில் சின்ன நாக்கு ஒன்று விழுந்து, ஒரு திசையில் மட்டும் சுற்றவிடும். தூக்கும்போது ‘டக் டக்’ என்று கேட்பது அந்த நாக்குதான்.

நாம் இழுப்பதை நிறுத்தியதும் சுமை தண்டைத் திருப்பிச் சுற்றப் பார்க்கிறது. ஆனால் அந்தத் திசையில் சுற்றினால் மறை இறுகும். மறை இறுகினால் வட்டுகள் பல்வட்டைக் கவ்வும். பல்வட்டை நாக்கு விடாது. கதை முடிந்தது. 150 கிலோ தொங்கினால் 150 கிலோவுக்கு ஏற்ற இறுக்கம், 500 கிலோ தொங்கினால் அதற்கேற்ற இறுக்கம். விழத் துடிக்கும் எடையே தன்னைப் பிடித்துக்கொள்ளும் பிடியாகிவிடுகிறது. மின்சாரம் இல்லை, எண்ணெய் அழுத்தம் இல்லை, யார் கையும் இல்லை. இறக்க வேண்டுமானால்கூட நாம் எதிர்ப்பக்கம் இழுத்து மறையைத் தளர்த்த வேண்டும். தளர்ந்த அளவுக்கு மட்டும் சுமை இறங்கி, மறுபடி தானே இறுக்கிக்கொள்ளும்.

சரி, இனி வேப்பமரத்தடிக்கு வருவோம். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். பிறகு பானட், ரேடியேட்டர் தண்ணீர், எண்ணெய், ஹோஸ்கள், ஒயர்கள், சைலன்சர் இணைப்பு. கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, பெல் ஹவுசிங் போல்ட்டுகளை எடுக்க வேண்டும். சங்கிலி இன்ஜினின் எடையை வாங்கிய பிறகுதான் மவுண்டிங் போல்ட்டுகள். அப்போது காரின் மூக்கு மெல்ல மேலெழும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆண்டுக்கணக்காக இன்ஜினின் எடையில் முறுக்குண்டு கிடந்த முன்பக்க டார்ஷன் பார்கள், எடை கொக்கிக்கு மாற மாற, முறுக்கு அவிழ்கின்றன.

இன்ஜினில் மாட்டும் சங்கிலியின் கோணத்தில் பலர் கவனம் வைப்பதில்லை. கொக்கியிலிருந்து இரு கால்களாகப் பிரியும் சங்கிலி, கிடைமட்டத்துக்கு 60 பாகை நிமிர்ந்திருந்தால் ஒவ்வொரு காலிலும் 87 கிலோ. 30 பாகைக்குச் சாய்ந்தால் ஒவ்வொன்றிலும் முழு 150 கிலோ. 15 பாகைக்குப் படுத்தால் 290 கிலோ! இன்ஜினின் எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. கூடுதல் விசை முழுவதும் இரு கால்களும் ஒன்றையொன்று உள்நோக்கி இழுத்துக்கொள்வதில் வீணாகிறது. ‘சங்கிலி குட்டையாக இருக்கிறது, சமாளிக்கலாம்’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முக்காலியிலும் இதே கணக்குதான். கால்களை அதிகம் அகட்டினால் பாதங்கள் வெளியே சறுக்கப் பார்க்கும். செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்த காலின் பாதம் 29 கிலோ விசையோடு வெளிநோக்கித் தள்ளும். சிமென்ட் தரையில் அது வழுக்கிவிடலாம். மூன்று பாதங்களையும் கயிற்றால் சேர்த்துக் கட்டுவது அதற்குத்தான். வீட்டுக் கூரையில் ஃபேன் மாட்டும் கொக்கியையோ, உள்ளே சொத்தையாகியிருக்கக்கூடிய மரக்கிளையையோ நம்பக் கூடாது. தொட்டில் தாங்கிய கொக்கி இன்ஜினைத் தாங்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இன்ஜின் அந்தரத்தில் வந்துவிட்டது. விரலால் தொட்டாலே அசைகிறது, கனமே இல்லாததுபோல். ஆபத்து இங்கேதான். கொக்கி வாங்கிக்கொண்டது எடையைத்தான், நிறையை அல்ல. ஓடத் தொடங்கிய 150 கிலோவை நிறுத்த, அந்த 150 கிலோவுக்கும் உரிய விசை வேண்டும். இன்ஜினுக்கும் கார் உடம்புக்கும் நடுவே விரல் மாட்டினால் செயின் பிளாக்கால் ஒன்றும் செய்ய இயலாது. ஆட்டத்தைக் கையால் முட்டி நிறுத்தப் பார்க்காமல் காத்திருக்க வேண்டும். தொங்கும் புள்ளியிலிருந்து இன்ஜினின் நடு ஒரு மீட்டர் கீழே இருந்தால் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு நொடி, எவ்வளவு கனமானாலும் அதே இரண்டு நொடி. அந்தத் தாளம் தெரிந்தவர்கள் ஆட்டத்தின் கடைசியில் லேசாகக் கை கொடுத்து அடக்குவார்கள். இன்ஜினுக்கு அடியில் ஒருபோதும் நிற்க மாட்டார்கள்.

மதுரை லேத் பட்டறையில் போர் அடித்து, புது பிஸ்டன் போட்டு, இன்ஜின் திரும்பி வரும்போது வேலை இன்னும் நுட்பமாகிறது. கியர்பாக்ஸ் தண்டின் வரிப்பற்கள் கிளட்ச் பிளேட்டின் துளைக்குள் நேராக நுழைய வேண்டும். உயரத்தில் சில மில்லிமீட்டர் பிசகினால் நுழையாது. இன்ஜினின் எடையைத் தண்டின் மேல் தொங்கவிட்டால் பிளேட் வளைந்துவிடும். கைச்சங்கிலியை நாற்பது பங்கு ஓட்டி ஒரு பங்கு ஏற்றும் அதே ஏற்பாடு இப்போது மறுபக்கம் பயன் தருகிறது: சங்கிலியை எட்டு சென்டிமீட்டர் நகர்த்தினால் இன்ஜின் இரண்டு மில்லிமீட்டர்தான் இறங்கும். கிராங்க்கை ஸ்பானரால் சற்றே திருப்பி, சங்கிலியை இன்னொரு கண்ணி தளர்த்தி, மறுபடி திருப்பினால், பற்கள் ஒரு கணத்தில் பொருந்தி இன்ஜின் பெல் ஹவுசிங்கோடு சேர்ந்து உட்காரும். அதன் பிறகு போல்ட்டுகளைக் கையாலேயே நாலு சுற்று ஏற்றிவிட வேண்டும். ஸ்பானரால் இழுத்து இன்ஜினைச் சேர்க்கப் பார்ப்பவர்கள் அலுமினியக் காதை உடைத்துவிடுவார்கள்.