தட்டுவடைக்குள் ஒரு மீன்

சேலத்துத் தட்டுவடை செட்டுக்குள் மீனை வைத்தால் எப்படி இருக்கும்?

சாயங்காலத் தள்ளுவண்டி முன்னால் நின்றவர்களுக்கு அந்த செட் நன்றாகத் தெரியும். தட்டுவடை மேல் காரச் சட்னி, பச்சைச் சட்னி, கேரட் பீட்ரூட் துருவல், அதை மூட இன்னொரு தட்டுவடை. சோள ரொட்டியை மடித்து உள்ளே காரமாக எதையாவது வைக்கும் மெக்சிகோ டாக்கோவுக்கு இது தூரத்துச் சொந்தம்!

உள்ளே வைக்க மேட்டூர் அணை மீன் ருசிதான். ஆனால் முள் எடுப்பதற்குள் பொழுது போய்விடும். ஈழத்து வீடுகளில் இதற்கு ஒரு வழி உண்டு: டின் மீன். அங்கே ரோல்ஸ், கட்லெட் எல்லாவற்றுக்குள்ளும் அது நுழைந்துவிடும்.

டின்னை மூடிய பிறகுதான், கடும் சூட்டில், அழுத்தத்தில் மீனை வேக வைக்கிறார்கள். அதனால் நடுமுள்கூட விரலால் நசுக்கினால் மாவாகிவிடும்.

சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதங்கியதும் கொஞ்சம் மிளகாய்த்தூள். நீரை வடித்த மீனை அதில் உதிர்த்துச் சுருளப் பிரட்டினால் போதும், தட்டுவடைக்குள் வைக்க மீன் தயார்.

டின் மீனில் ஏற்கெனவே உப்பு உண்டு. ருசி பார்த்த பிறகே உப்பு ஜாடியைத் திறங்கள், நேயர்களே!