அணைய மறுக்கும் விளக்கு



வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் நான் குடியிருக்கிறேன். சென்ற மாரிகாலத்து இரவொன்றில் பக்கத்து வீட்டு அம்மையார் கதவைத் தட்டி, "தம்பி, உங்கட காருக்குள்ள லைற் எரியுது, ஒருக்கால் பாருங்கோ" என்றார். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை போலும் என எண்ணி, அதை ஓங்கிச் சாத்திவிட்டு உறங்கச் சென்றேன். விளக்கு அணைந்ததா என நின்று பார்க்கவில்லை. இரண்டு நாள் வண்டியை எடுக்கவும் தேவை நேரவில்லை. மூன்றாம் நாள் விடியுமுன் தாயாருக்கு மூச்சு முட்டியது. சாவியைத் திருப்பினேன், "டக்" என்ற ஒலியன்றி வேறொன்றும் எழவில்லை. முச்சக்கரவண்டி ஒன்றைத் தேடிப் பிடித்துத்தான் ஆஸ்பத்திரி சேர்ந்தோம். தாயார் பின்னர் நலமடைந்தார். ஆயினும் வீதியில் வண்டி தேடி நின்ற அந்த நேரத்தை நான் மறக்கவில்லை.

இத்துணைச் சிறிய விளக்கு அத்துணைப் பெரிய பற்றரியை வெறுமையாக்குவது எங்ஙனம்? கணக்கு எளிது. 5 உவாற்று மின்குமிழ் 12 வோல்ற்றில் ஏறத்தாழ 0.4 அம்பியர் மின்னோட்டத்தை உண்ணும். ஓர் இரவில், அதாவது 12 மணித்தியாலத்தில், செலவு 5 அம்பியர்-மணி. 40 அம்பியர்-மணி கொண்ட நல்ல பற்றரி அதனைத் தாங்கும். மூன்று நாள் எரிந்தாலோ செலவு 30 அம்பியர்-மணியை எட்டிவிடும். எஞ்சியது எஞ்சினைச் சுழற்றப் போதாது. முதிர்ந்த பற்றரிக்கு ஓரிரவே போதும். மேலும், ஈய-அமிலப் பற்றரி முற்றாக வெறுமையாகும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுள் குறைகிறது.

இனி, விளக்கு அணைய மறுப்பதன் காரணத்தைக் காண்போம். பெரும்பாலான கார்களில் மின்குமிழுக்குப் பற்றரியிலிருந்து மின்சாரம் எப்பொழுதும் வந்துகொண்டேயிருக்கும். அது திரும்பிச் செல்லும் வழி காரின் உலோக உடலாகும். கதவு நிலையில் உள்ள சிறு ஆளி, அதாவது சுவிச், அந்தத் திரும்பும் வழியைத் திறந்து மூடுகிறது. கதவு திறந்தால் ஆளியின் குமிழ் வெளியே துள்ளும்; வழி இணையும்; விளக்கு எரியும். கதவு சாத்தி அக்குமிழை அழுத்தினால் வழி துண்டிக்கப்படும். ஆகவே, மின்குமிழிலிருந்து ஆளிக்குச் செல்லும் கம்பி இடையில் எங்கேனும் உடலைத் தொட்டாலும் விளக்கு எரியும். அப்போதும் மின்னோட்டம் மின்குமிழின் ஊடாகவே செல்வதால் உருகி, அதாவது பியூஸ், எரிந்து எச்சரிப்பதில்லை. இதுவே இக்குறையின் சூட்சுமம்.

பிழையைத் தேட ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் விளக்கருகே உள்ள சிறு ஆளியைப் பாருங்கள். குழந்தைகளின் கை பட்டு அது "எப்பொழுதும் எரிக" என்னும் நிலைக்கு மாறியிருக்கலாம். சில கார்களில் மானிகளின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திருகை எல்லைவரை திருப்பினாலும் கூரை விளக்கு எரியும். இவை சரியெனின், கதவுகளின் ஆளிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், பின்கதவையும் மறவாதீர்கள். எதனைக் கழற்றியதும் விளக்கு அணைகிறதோ அதுவே குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றிய பின்னும் எரிந்தால் பிழை கம்பியிலாகும்.

என் காரில் ஆளியின் இறப்பர் உறை கிழிந்து, கடற்காற்றின் உப்பீரம் உட்புகுந்திருந்தது. உள்ளிருந்த சுருள் துருப்பிடித்து முறிந்து, உலோகத்தின்மேல் சாய்ந்து கிடந்தது. கொட்டாஞ்சேனையில் வாழும் நண்பரொருவரின் காரிலோ ஆளிகள் யாவும் பழுதற்றிருந்தன. பின்கதவின் கீல் அருகே, பல்லாண்டுகள் மடங்கி நிமிர்ந்த கம்பியின் உறை வெடித்து உடலைத் தொட்டிருந்தது. இரண்டு இடத்திலும் விளக்கு ஒன்றுபோலவே எரிந்தது; காரணங்கள் மட்டும் வேறு.

அண்மைக்கால கார்கள் பலவற்றில் ஆளி கதவுப் பூட்டினுள்ளே அமைந்துள்ளது. அங்கே பழைய கிறீஸ் இறுகினால், சாத்திய கதவையும் திறந்ததென்றே வண்டி கருதும். பூட்டைத் துப்புரவாக்கிப் புதிய மசகு இடுவதே அதற்குரிய முதற் சிகிச்சை. ஹைபிரிட் கார் வைத்திருப்போர் தம் பெரிய பற்றரியை நம்பி இருந்துவிடலாகாது. அவ்வண்டிகளிலும் சிறிய 12 வோல்ற் பற்றரி வெறுமையானால் வண்டி இயங்காது.

ஓர் எச்சரிக்கை. பற்றரியைக் கழற்ற நேர்ந்தால், உடலோடு இணைந்த முனையையே முதலிற் கழற்றுங்கள். கருவி தவறி உடலில் பட்டாலும் தீப்பொறி எழாது. காற்றுப்பைக்குச் செல்லும் மஞ்சள் நிறக் கம்பிகளை ஒருபோதும் சோதித்துப் பார்க்காதீர்கள்.

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் நம்மிற் பலர் பழைய வண்டியையே பேணிக் காத்தோம். பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடி வாங்கும் ஒரு சிறு ஆளி, ஒரு புதிய பற்றரியின் செலவை மிச்சப்படுத்தும். அதனினும் மேலாக, நள்ளிரவில் ஓர் உயிருக்காக வண்டி புறப்பட வேண்டிய வேளையில் அது நம்மைக் கைவிடாது. இன்றிரவு கதவைச் சாத்தியபின் ஒரு கணம் நின்று, விளக்கு அணைந்ததா எனப் பார்த்துவிட்டு உள்ளே செல்லுங்கள்.