யூசுஃப் நபி மன்னித்தார்கள்: அதற்கு முன் நடந்தது என்ன?

கூடப்பிறந்தவர்களின் சொத்துத் தகராறு ஜமாஅத்துக்கு வந்தால் நாம் முதலில் யாரிடம் பேசுகிறோம்? பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரிடம்தான். "யூசுஃப் நபி மன்னிக்கவில்லையா? நீங்களும் விட்டுக்கொடுங்கள் பாய்" என்கிறோம். அந்த வரலாற்றை முதலில் இருந்து படித்தால் இப்படிச் சொல்லத் தயங்குவோம்.

திருக்குர்ஆனின் 12-வது அத்தியாயமான சூரா யூசுஃப், 111 வசனங்களில் இதைத் தொடர்ச்சியாகச் சொல்கிறது. பைபிளில் இது ஆதியாகமம் 37-ஆம் அதிகாரத்தில் தொடங்குகிறது. அங்கே யூசுஃப் (அலை) அவர்களின் பெயர் யோசேப்பு.

பைபிளின்படி, அப்போது யோசேப்புக்கு வயது 17. அவரை விற்ற விலை 20 வெள்ளிக்காசு. விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவர் அண்ணன் யூதா. பல ஆண்டுகளுக்குப் பின், பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்கு வந்த சகோதரர்களை யோசேப்பு அடையாளம் கண்டார். ஆனால் தம்மைக் காட்டிக்கொள்ளவில்லை. கடைசித் தம்பி பென்யமீனின் மூட்டையில் தமது வெள்ளிக் கிண்ணத்தை வைக்கச் செய்தார். தந்தையின் செல்லப் பிள்ளையை அடிமையாக விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மறுபடியும் ஒரு வாய்ப்பு. அன்று செய்ததையே இன்றும் செய்வார்களா? இந்த முறை அதே யூதா, தம்பிக்குப் பதிலாகத் தாம் அடிமையாக இருப்பதாக மன்றாடுகிறார். அதைக் கேட்ட பிறகே யோசேப்பு அழுதபடி தாம் யாரென்று சொல்கிறார்.

குர்ஆனில் சில இடங்கள் வேறுபடுகின்றன. யூசுஃப் (அலை) அவர்கள் தம்பியிடம் மட்டும் தாம் யாரென்று முன்பே சொல்லிவிடுகிறார்கள் (12:69). பாத்திரம் கிடைத்ததும் சகோதரர்கள், இவனுடைய அண்ணனும் முன்பு திருடியவன்தான் என்கிறார்கள் (12:77). பழைய பொறாமை இன்னும் முழுதாக அடங்கவில்லை. யூசுஃப் நபி அதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் அந்தச் சகோதரர்களே, தம்பிக்குப் பதிலாகத் தங்களில் ஒருவரைப் பிடித்து வைக்கும்படி கேட்கிறார்கள் (12:78). மூத்தவர் ஊர் திரும்பவே மறுக்கிறார் (12:80). கடைசியில், தாங்கள் தவறு செய்தவர்கள் என்று வாய் திறந்து ஒப்புக்கொள்கிறார்கள் (12:91). அடுத்த வசனத்திலேயே மன்னிப்பு. ஒரு கண்டனச் சொல்கூட இல்லை.

பிறகு பெற்றோர் வந்து சேர்ந்தபோது, தம்மைச் சிறையில் இருந்து அல்லாஹ் விடுவித்ததை யூசுஃப் நபி நன்றியோடு சொல்கிறார்கள் (12:100). கிணற்றைப் பற்றிப் பேசவே இல்லை. சகோதரர்கள் வெட்கப்படக் கூடாது என்பதற்காகவே என்று விரிவுரையாளர்கள் விளக்கம் தருகிறார்கள்.

தவறு செய்தவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்ட பின் பாதிக்கப்பட்டவர் கிணற்றைக் கிளறக் கூடாது. இரண்டும் சேர்ந்ததுதான் சமாதானம். கேட்காமலே மன்னிப்பது மிக உயர்ந்த குணம்தான். அது அவராகத் தர வேண்டியது. நாம் வற்புறுத்தி வாங்குவதல்ல.

அடுத்த முறை சமாதானம் பேசப் போகும்போது, பங்கைத் தராமல் வைத்திருப்பவரின் வீட்டுக் கதவை முதலில் தட்டுவோம். அல்லாஹ் நம் குடும்பங்களை இணைத்து வைப்பானாக.