‘அல்’ அடியும் எழுவாய் இயைபும்

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் முதலிய ஊர்களின் தெருக்களில் ‘இது பொதுவழி அல்ல’ என்னும் அறிவிப்புப் பலகைகளைக் காண்கின்றோம். ‘இது’ ஒன்றன்பால், ‘அல்ல’ பலவின்பால். எழுவாயும் பயனிலையும் எண்ணில் முரணுகின்றன. மறைமலையடிகள் 1950ஆம் ஆண்டில் மறையுந்துணையும் வாழ்ந்த பல்லாவரத்திலும் இவ்வாறு எழுதப்படுதல் நகைப்பிற்கு இடமாகலாம். ஆயினும் நகைத்து அமைதல் ஆராய்வார் கடன் அன்று. இம்முரண் எங்ஙனம் தோன்றிற்று என்பதே ஈண்டுக் காணத்தக்கது.

‘அல்’ என்பது காலம் காட்டும் இடைநிலையை ஏலாத எதிர்மறைக் குறிப்புவினையடி. ‘நடக்கின்றான்’ என்பதிற்போலக் ‘கின்று’ இதன்கண் புகாது. நிகழ்காலப் பொருள் குறிப்பாற் பெறப்படும். காலத்தை வெளிப்படக் காட்டாத இவ்வினை, திணை, பால், எண், இடங்களை மட்டும் முற்றக் காட்டுதல் வியத்தற்குரியது. யான் அல்லேன், யாம் அல்லேம், நீ அல்லை, நீவிர் அல்லீர், அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல என ஒன்பது வடிவங்கள் இதற்கு உள. ஆங்கிலத்தில் இதற்கு நேரான வினை நிகழ்காலத்தில் ஏம், இஸ், ஆர் என்னும் மூன்று வடிவங்களையே உடையது. எதிர்மறைக்கு ‘நாட்’ எனத் தனிச்சொல்லும் வேண்டும்.

‘அல்’ என்பதனோடு ‘து’ விகுதி புணர ‘அன்று’ ஆயிற்று. ‘நன்று’, ‘நல்ல’ என்பன ஒருமையும் பன்மையுமாய் நிற்றலை ஒப்பிடுக. ‘இல்’ என்னும் அடியும் இவ்வாறே ‘இன்று’, ‘இல’ எனப் பிரியும். இவ்விரு ஒருமை வடிவங்களும் ‘அந்நாள்’, ‘இந்நாள்’ என்று பொருள்படும் சொற்களோடு ஒலியால் ஒன்றிவிட்டன. அம்மயக்கமே அவை பேச்சில் வீழ்ந்தமைக்கு ஒரு காரணம் எனக் கருதுகின்றோம்.

‘அவர் புலவர் அல்ல’, ‘நான் அல்ல’ என எழுதுவாரும் பலர். ஆண்டு முரணுவது எண் மட்டும் அன்று. திணையும் இடமுங்கூட முரணுகின்றன. ஆகவே ‘அல்ல’ என்பது ஐம்பால் மூவிடங்கட்கும் பொதுவினையாகி வருகின்றது எனல் வேண்டும். இதற்கு முன்னிகழ்ச்சி உண்டு. தொல்காப்பிய வினையியல் இன்மை உணர்த்தும் சொல்லையும் ‘வேறு’ என்பதையும் இருதிணைக்கும் உரிய விரவுவினைகளுள் வைத்தது. ‘உண்டு’ அவற்றுள் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலோ ‘உண்டு’ என்பதையும் பொதுவினையாகக் கொண்டது. ஒன்றன்பாற்குரிய ‘து’ விகுதி பெற்ற ஒரு சொல், இங்ஙனம் வழக்கு வலியால் இலக்கணத்துள் இடம்பெற்றது. மலையாளத்தில் ‘அல்ல’ இந்நிலையை முன்னரே எய்திவிட்டது.

இன்றைச் சென்னைப் பேச்சிலோ ‘அல்ல’ என்பதே அருகி, அதனிடத்தையும் ‘இல்லை’ கவர்ந்துகொண்டது. பலகை எழுதுவார் ‘அல்ல’ என்பதை ஏட்டு நடையிலிருந்து எடுக்கின்றனர். ஆனால் தம் செவிக்குப் பழகிய ‘இல்லை’யைப் போலவே அதனை வழங்குகின்றனர். அவரைப் பிழைபட்டார் என்று கூற யாம் துணியோம். ஆய்வுரை எழுதுவார்க்கு அவ்விலக்கு இல்லை. ‘அது நம் வழி அன்று’ என்னும் தொடரில் ‘அன்று’ என்பதற்கு ‘அந்நாள்’ எனப் பொருள் கொள்ளும் மாணவர், பழைய உரைகளைப் பதிப்பிக்கப் புகின் எதிர்மறையை உடன்பாடாக்கிவிடுவர்.