"வொர்க் ஆகல சார்" என்றால் என்ன பதில் சொல்வது?

கேரளத்தின் உடும்பஞ்சோலை ஏலத்தோட்டப் பக்கம் தமிழ்வழிப் பள்ளிகளில் ஐ.டி. பாடம் எடுக்கும் ஆசிரியர்களை மனத்தில் வைத்தே பேசுகிறேன். கேரளத்தில் ஆசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சி தருவது கைட் நிறுவனம். அதன் 'கூல்' என்கிற இணையவழிப் பயிற்சியை முடித்தால்தான் புதிதாகச் சேர்ந்தவரின் தகுதிகாண் பருவமே முடியும். இவ்வளவு முக்கியமான பயிற்சி எங்காவது தடுமாறினால், பழியை உடனே நெட்வொர்க் மேல் போட்டுவிடுகிறோம். மலையில் மழை பிடித்தால் சிக்னல் போகும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போன சிக்னல் திரும்பி வந்துவிடும். அரைகுறையாகக் கேட்ட கேள்விக்குப் பதில் வரவே வராது. எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது, பதில் எப்போது வரும் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுக்காத பயிற்சி, நல்ல இணைப்பு இருந்தாலும் தேறாது.

அரைகுறைக் கேள்விக்கு உதாரணமாக, பைத்தான் நிரல்மொழிப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். 'ஃபார்' வரிக்குக் கீழே வருவதை உள்ளே தள்ளி எழுத மறந்தால் நிரல் ஓடாது. உடனே மானிட்டரைச் சாய்வாக ஒரு போட்டோ எடுத்து, "வொர்க் ஆகல சார்" என்று வாட்ஸாப்பில் போடுகிறோம். என்ன செய்தீர்கள், என்ன வந்தது என்று பயிற்றுநர் திருப்பிக் கேட்பதற்குள் ஒரு நாள் ஓடிவிடும். இத்தனைக்கும் பைத்தானே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும்: கடைசி வரியில் பிழையின் பெயர், அதற்கு மேலே எத்தனையாவது வரி என்ற எண். அந்த இரண்டையும் எழுதி, நிரல் கோப்பையும் இணைத்தால் ஒரே பதிலில் வேலை முடியும். வரித் தொடக்கத்து இடைவெளியும் நிரலில் சேர்த்தி. மங்கலான போட்டோவில் அதை யார் எண்ணுவது?

"பத்து வருஷம் பாடம் எடுத்தவருக்குக் கேள்வி கேட்கச் சொல்லித் தருவதா?" என்று கோபம் வரலாம். கேள்வி கேட்கும் விதி ஆசிரியரை மட்டும் கட்டினால் அந்தக் கோபம் நியாயம்தான். பயிற்றுநரையும் கட்ட வேண்டும்: ஒரு வேலை நாளுக்குள் பதில், இரவில் புது வேலை தருவதில்லை, குழுவில் யாரையும் மட்டம் தட்டுவதில்லை, மழையால் தாமதித்தவருக்குக் கூடுதல் அவகாசம். நேரடிப் பயிற்சியே மேல் என்பவர்களும் உண்டு. 80,000 ஆசிரியர்களுக்கென்று 2024 மே மாதம் கைட் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி நேரில்தான் நடந்தது. கருவியைக் கையில் தொட்டுப் பழக அதுவே சரி. ஆனால் சந்தேகம் பயிற்சி நாளில் வருவதில்லை, வகுப்பு எடுக்கும் நாளில்தான் வருகிறது. அதற்காக ஒவ்வொரு முறையும் நெடுங்கண்டம் டவுனுக்கு பஸ் ஏற முடியாது.

இன்னொன்று மொழி. கேரளத்து ஐ.சி.டி. பாடநூல் தமிழிலும் அச்சாகிறது. பாடம் தமிழில் கிடைக்கும்போது, பயிற்சியின் விதிமுறை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால் யாருக்கு லாபம்? அடுத்த பயிற்சியின் முதல் நாளில், வருகைப்பதிவு எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: "விதிமுறை தமிழில் இருக்கிறதா? எங்கள் கேள்விக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் வரும்?"