நூறு மணி நேர ஒளி

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிலவில்லாத முன்னிரவுகளில் ஆண்ட்ரோமீடா விண்மீன் திரளை நாம் வெறுங்கண்ணாலேயே காணலாம். மங்கலான வெண்புகைத் திட்டு, அவ்வளவே. அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. எத்தனையோ பெரிய தொலைநோக்கிகள் படம் பிடித்த திரள் அது. அங்கே புதிதாகக் காண இனி என்ன உண்டு?

2022-ஆம் ஆண்டில் யான் சேன்ட்டி என்னும் பிரெஞ்சுக்காரர், 106 மில்லிமீட்டர் அகலமே உள்ள தம் தொலைநோக்கியை அதன்பால் திருப்பினார். வானைப் படமெடுப்பது அவருக்குத் தொழிலன்று, விருப்பம். பல இரவுகளில், நூறு மணி நேரத்திற்கும் மேலாக ஒளியைத் திரட்டினார். தனிப் படமொன்றில் கருவியே உண்டாக்கும் புள்ளிகள் மெல்லிய ஒளியை மூடிவிடும். பல படங்களைக் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி கண்டால், இடம் மாறும் புள்ளிகள் தேய்ந்து, மெய்யான ஒளி நிலைக்கும்.

அவ்வாறு சேர்த்தபோது திரளின் அருகே நீல வில் ஒன்று தெரிந்தது; ஆக்சிஜன் வாயுவின் ஒளி! உடனுழைத்த மார்செல் டிரெக்ஸ்லரும் சேவியர் ஸ்ட்ராட்னரும் மகிழுமுன் ஐயுற்றனர். கண்ணாடியின் எதிரொளியோ? செய்முறைப் பிழையோ? நமக்கு இவர்களிடம் மிகவும் பிடித்தது இந்த ஐயமே. வேறு இடங்களில், வேறு கருவிகளால் எடுத்த படங்களிலும் அவ்வில் தென்பட்ட பின்னரே, 2023 ஜனவரியில் வெளியிட்டனர். பெரிய தொலைநோக்கிகள் வானின் சிறு பகுதியையே நோக்குபவை. இதுவோ முழுநிலவினும் அகன்று, மிக மங்கியது. அவ்வில் ஆண்ட்ரோமீடாவைச் சார்ந்ததா, இடையிலுள்ள நம் பால்வீதியின் வாயுவா என்பதே அறிஞர்கள் அடுத்து எழுப்பிய வினா.